கணக்கில் சேராத வருகை

அன்புள்ள குட்டிக்கு,

ஒருவர் ஓர் இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார் என்றால், எதற்காக வருகிறார்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடமாக இதையே வேலையாகச் செய்கிறவள் இப்படி எழுதுவது உனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்துக்கொள்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நான்கு பேசிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அப்பாவின் வலது கை சற்றுத் தேறியிருக்கிறது. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார்; ஒன்று மாறிப் போனாலும் திருத்த விடுவதில்லை. பேச்சுதான் பக்கவாதம் வந்தபோது நின்ற இடத்திலேயே நிற்கிறது. "தண்ணி", "வேணாம்", "சரி" என்ற மூன்றை வைத்தே நாளை ஓட்டிவிடுகிறார். எல்லாருக்கும் தீர்ப்புச் சொன்ன வாய்! மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரரைக் கூப்பிட்டால் "நாளைக்கு வந்துடுறேம்மா" என்கிறார். அவருடைய நாளை எது என்று அவருக்கே தெரியாது.

போன கடிதத்தில் நீ ஒன்று கேட்டிருந்தாய். "அப்பா என்னைப் பற்றிக் கேட்டாரா? ஒரு தடவை கேட்டிருந்தாலும் வருகிறேன், இல்லையென்றால் அந்தப் படி ஏறமாட்டேன்" என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை என்று நானும் ஒரே வரியில் பதில் போட்டேன். பொய் இல்லை. ஆனால் இப்போது வேறொன்று தெரிய வந்திருக்கிறது. அது என்ன என்று எனக்கே தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் செயலி உனக்குத் தெரியும். பேச்சிழந்தவர்கள் வீட்டிலிருந்தே பேசிப் பழகுவதற்கானது. அதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரமும் வருகிறார்கள், அடுத்த மாதமும் வருகிறார்கள் என்று ஒரு மென்பொருள் கணக்கிட்டு அட்டவணையாகக் காட்டும். வந்தால் கட்டம் அடர்நீலம். வராமல் போகப் போக வெளிறும். வலதுபக்கம் நகர நகர எல்லா வரிசையும் வெளுத்துவிடும். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குத்தான் திங்கட்கிழமைக் கூட்டம்.

பலர் ஆரம்பப் பாடத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்று இந்த முறை தெரிந்தது. எங்கள் மேலாளர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர், நல்ல பிள்ளை, அவசரக்காரர். "அக்கா, குரல் பழசா இருக்கு. மாத்திடுவோம்" என்றார். குரல்தான் காரணம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். "நீங்க சந்தேகப்படுறதுக்கே சம்பளம் வாங்குறீங்கக்கா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உண்மைதானே.

செயலியில் பாடம் சொல்லித்தரும் அந்தப் பழைய குரல் உன்னுடையது. காசு கொடுத்து ஆள் வைக்க வழியில்லாத காலத்தில், நம் வீட்டுத் துணி அலமாரிக்குள் போர்வையைத் தொங்கவிட்டு உன்னை உட்காரவைத்துப் பதிவு செய்தோமே, அதுதான்.

எந்த அட்டவணையையும் நம்புவதற்கு முன், அதில் யாரை விட்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்ப்பது என் வழக்கம். ஊழியர்கள் சோதனைக்காகத் திறந்து பார்ப்பதெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது என்று, எங்கள் அலுவலக இணைய இணைப்பையும் ஊழியர்களின் வீட்டு இணைப்புகளையும் விலக்கி வைத்திருக்கிறோம். அந்த விலக்கை எடுத்துப் பார்த்தேன். வெளிறாத வரிசை ஒன்று எழுந்தது. முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை அடர்நீலம். இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எந்தச் சாதனம் என்று பார்த்தால், நம் வீட்டில் இருக்கும் பழைய டேப்லெட்.

அப்பாவுக்கு நான்தான் அதைக் கொடுத்திருந்தேன். சில நாளிலேயே கையை விரித்து "வேணாம்" என்றுவிட்டார். விட்டுவிட்டார் என்றே நினைத்திருந்தேன். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார் என்றும் நினைத்திருந்தேன்.

இன்னும் ஒன்று உண்டு. அவர் பயிற்சிக்குள் போவதே இல்லை. தொடக்கத்தில் வரும் வரவேற்பை மட்டும் கேட்கிறார். முதல் சொல்லைச் சொல்லச் சொல்லுமுன் மூடிவிடுகிறார். பிறகு மறுபடி திறக்கிறார். வரவேற்பு உனக்கு நினைவிருக்கும். படிக்கும்போது சிரிப்பு வந்து திரும்பத் திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. "வாங்க, உட்காருங்க. அவசரமே இல்ல. நான் எங்கயும் போயிடல, இங்கதான் இருக்கேன்."

நான் உடனே உருகிவிடுகிறவள் இல்லை. விரல் சரியாகப் படாமல் அதே இடம் திரும்பத் திரும்பத் திறந்திருக்கலாம். பயிற்சிக்குப் பயந்து மூடியிருக்கலாம். வந்தார், போனார் என்பது வரைதான் கருவிக்குத் தெரியும். அவரிடமே கேட்டிருக்கலாமே என்பாய். நேராகக் கேட்டுப் பழகிய வீடா நம்முடையது?

கூட்டத்தில் இதைச் சொல்லவில்லை. ஓர் ஆளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவளே நான். அந்த ஓர் ஆளும் கணக்கிலேயே இல்லாதவர். குரலை மாற்றுவதென்று முடிவாகிவிட்டது. நாளை புதிய பதிப்பு வருகிறது. வீட்டு டேப்லெட்டில் மட்டும் அதைத் தடுத்துவைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் குட்டி, அது பதிவுதானே.

நீ உன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு புறப்பட்ட அன்று, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று அவர் சொன்னதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. நீ மறக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவர் கேட்டால்தான் வருவேன் என்கிறாய். கேட்பதற்கு வாய் இல்லாதவர் எப்படிக் கேட்பார் என்று மட்டும் யோசித்துப் பார். உன் வீட்டுக்காரருக்கு என் அன்பைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தால் வா.

உன்,
அக்கா

பின்குறிப்பு: நேற்றே உறையில் போட்டு ஒட்டியிருந்தேன். பிரித்து இதைச் சேர்க்கிறேன். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் டேப்லெட் தானாகவே புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. பின்னறையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. தெளிவான, நல்ல குரல். பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தது, மறுபடி நின்றது. பிறகு கதவு திறந்தது. அப்பா டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வந்து, என் முன்னால் நீட்டினார். வாய் வெகுநேரம் கோணிக்கொண்டு நின்றது. நான் உதவவில்லை.

"குட்டி எங்க?" என்று கேட்டார்.