குரலுக்கு ஒரு ஸ்டெப்னி

மார்ச் 4, செவ்வாய்

பல் மருத்துவமனை ஒன்றை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், காத்திருப்பவர்கள் உட்காரும் நாற்காலி இருபத்து நான்கையும் மொத்தமாகத் தூக்கி வந்தேன். மூன்றுக்குக் கால் ஆட்டம். மற்றதெல்லாம் கல் மாதிரி உறுதி. பழைய சாமான் வியாபாரத்துக்கு வந்து இருபத்தாறு வருடம். உட்கார்ந்து பார்க்காமல் ஒரு நாற்காலி வாங்கியதில்லை, இழுப்பறையைத் திறந்து பார்க்காமல் ஒரு மேசை விற்றதில்லை.

மதியம் கடையில் என் வீட்டுக்காரருடைய லேப்டாப் நின்றுபோனது. உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். திரை அப்படியே உறைந்துவிட்டது. நான்கு நிமிடம் கழித்துத் தானாகவே வந்துவிட்டது. அதுவரை வாடிக்கையாளர் இவர் முகத்தைப் பார்த்தார், இவர் என் முகத்தைப் பார்த்தார்.

இவருக்குத் தொண்டையில் அறுவை நடந்து பதினோரு மாதம். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் கிடைத்த நான்கு நாளில் மகள் லீவு போட்டு வந்து, மைக் வைத்து, இவர் குரலிலேயே அறுநூற்றுச் சொச்சம் வாக்கியங்களைப் பிடித்து வைத்தாள். திரையில் எல்லாம் பொத்தான் பொத்தானாக இருக்கும். தொட்டால் இவர் பேசுவார். "வாங்க வாங்க, உக்காந்து பாருங்க." "முழு மரம், ஒட்டுப்பலகை இல்ல, தட்டிப் பாருங்க." ஃபோனில் போட்டுப் பார்த்தோம், இவர் விரலுக்கு அந்தப் பொத்தான் சின்னது.

இந்தப் பெட்டி போனால் இவர் போனார் — இல்லை, அப்படி எழுதக் கூடாது. குரல் போகும். ஏற்கெனவே ஒரு தடவை போனது.

மார்ச் 6, வியாழன்

கணினி ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். நெற்றியில் எப்போதும் லென்ஸ் மாட்டியிருப்பார், தெருவுக்கே அவர் பூதக்கண்ணாடி. லேப்டாப்பைத் தூக்கிக் காதில் வைத்துக் கேட்டார்.

"ஹார்ட் டிஸ்க் கிழடாயிடுச்சும்மா. இன்னிக்கும் போகலாம், ஆறு மாசமும் ஓடலாம்."

"மக எல்லாத்தையும் இன்டர்நெட்டுல காப்பி போட்டு வச்சிருக்காளே."

"ஃபைல் இருக்கும். பொத்தான் இருக்குமா? எந்தப் பொத்தானுக்கு எந்தப் பேச்சுன்னு இருக்குமா? அந்த ப்ரோக்ராமையே இப்ப யாரும் விக்கிறதில்ல."

நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு என் பாஷைக்கு இறங்கினார். "உங்க கடையில ஒரு அலமாரி இருக்கு. உள்ள இருக்கறதை மட்டும் மூட்டை கட்டி வச்சா அது காப்பி. எது எந்தத் தட்டுல இருந்துச்சுன்னு திரும்ப நீங்கதான் அடுக்கணும். அலமாரியோட, தட்டோட, சாவியோட, தூசியோட அச்சு அசலா இன்னொண்ணு செஞ்சு வச்சா அது குளோன். இது செத்தா அதை எடுத்து மாட்டு. நாலு ஸ்க்ரூ."

"மூட்டையை அடுக்க எத்தனை நாளாகும்?"

"ரெண்டு வாரம்னு வைங்க."

"அலமாரியை மாட்ட?"

"கை நடுங்கலைன்னா பத்து நிமிஷம்."

இரண்டு வாரம் பேச்சில்லாமல், இல்லாவிட்டால் பத்து நிமிடம். யோசிக்க என்ன இருக்கிறது? வண்டிக்கு ஸ்டெப்னி வைக்கிறோம், குரலுக்கு வைக்க மாட்டோமா?

மார்ச் 8, சனி

புது டிஸ்க் வாங்கச் சொன்னார் பூதக்கண்ணாடி. நான் வாங்குவேனா? போன மாதம் காலி செய்த அலுவலகத்திலிருந்து வந்த மேசை, அதன் இழுப்பறையில் ஒரு டிஸ்க் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். நல்ல சாமான்தானாம், ஓடுமாம். ஆனால் சின்னது.

"உங்க சரக்கு நூத்தி முப்பது ஜிபி. இந்தப் பெட்டி நூத்தி இருபது. எப்படி அடைப்பீங்க?"

"கழிச்சிட்டு அடைப்பேன்" என்றேன். வீடு காலி செய்பவர்களுக்கு நான் தினமும் சொல்வதுதான்.

மகளை ஃபோனில் கேட்டேன். "கழிவுன்னே ஒரு ஃபோல்டர் இருக்கும்மா. சரியா வராத ரெக்கார்டிங், நடுவுல சும்மா ஓடினது எல்லாம் அதுலதான் போட்டேன். இருபது ஜிபிக்கு மேல இருக்கும். தூக்கிப் போடு."

அவரையும் கேட்டேன். தலையாட்டிவிட்டு ஒரு பொத்தானைத் தொட்டார். "தாராளமா எடுத்துட்டுப் போங்க!" வாடிக்கையாளருக்கான பொத்தான். நக்கல்.

மார்ச் 9, ஞாயிறு

பட்டியல் போடாமல் எந்தச் சரக்கையும் நான் வண்டியில் ஏற்றுவதில்லை. அறுநூற்று நாற்பத்தொரு பொத்தானையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டு எழுதினேன். பாதிக்கு மேல் கடைக்கு. நாற்பது மருத்துவருக்கு. மகளுக்கு முப்பத்திரண்டு — "சாப்பிட்டியா கண்ணு", "பாத்துப் போ கண்ணு". பக்கத்துக் கடைச் சாவிக்காரரைக் கிண்டல் பண்ண மட்டும் ஏழு.

எனக்கு?

இரண்டாவது தடவையும் பார்த்தேன். எனக்கு ஒன்றுகூட இல்லை.

பதினோரு மாதமாக என்னைக் கூப்பிட மேசையில் விரல் முட்டியால் தட்டுகிறார். டொக் டொக். நானும் ஓடுகிறேன். இது இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை பார். நான்தான் பெரிய சாமர்த்தியசாலி. சாவிக்காரனுக்கு ஏழு!

மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது எனக்கு. கேட்டுவிட்டேன். "ஏங்க, முப்பது வருஷம் கூடவே குப்பை கொட்டியிருக்கேன். எனக்குன்னு ஒரு வார்த்தை தோணலையா உங்களுக்கு?"

சிலேட்டை எடுத்து எழுதினார்: நீ பாத்தாலே புரிஞ்சுக்குவ.

பார்க்கிற தூரத்தில் இருந்தால் சரி. நான் பின்னால் குடோனில் இருந்தால்? நான் பட்டியலை மடித்து வைத்தேன். அவரே சிலேட்டைத் துடைத்துவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு பேரும் பேசவில்லை. அவருக்கு வசதியில்லை, எனக்கு மனசில்லை.

மார்ச் 15, சனி

கழிவைத் தூக்கிப் போடலாம் என்று உட்கார்ந்தேன். முழுவதையும் அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்த விரலை வைத்தும்விட்டேன். அப்புறம் கை தானாக நின்றது. இழுப்பறையைத் திறக்காமல் எப்படி அனுப்புவது?

ஒன்றைத் திறந்தேன். இருமல். இன்னொன்று. தொண்டையைச் செருமி, "வாங்க வாங்க, உக்காந்து" — நடுவில் நாற்காலி கிரீச்சிடுகிறது. அடுத்தது.

"இந்தாம்மா, அந்தக் கதவைச் சாத்து, சத்தம் வருது."

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன்.

கதவு சாத்தும் சத்தம். என் செருப்புச் சத்தம். மகள், "அப்பா, பேசாதீங்க, ஓடுது" என்கிறாள்.

அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. "இந்தாம்மா, டீயில சக்கரை போட்டியா, இல்ல கோவத்துல மறந்துட்டியா?" "இந்தாம்மா, நான் சொன்னது எப்படி இருந்துச்சு?" — கடைக்காரன் சொன்ன மாதிரியே இருந்துச்சு என்று நான் சொல்வது தூரத்தில் கேட்கிறது. அதற்கு அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு! அறுநூற்று நாற்பத்தொன்றில் சிரிப்பு கிடையாது. யாருக்கும் தோன்றவில்லை. சிரிப்பை யார் பட்டியலில் எழுதுவார்கள்?

ஒன்றில் நான் இல்லை. வெளியே போயிருந்திருப்பேன். மகள் கேட்கிறாள்: "அம்மாவுக்கு எதுவும் வேணாமாப்பா?"

"உங்கம்மாவுக்கா? அவகிட்ட நான் பேசுறதெல்லாம் சண்டைதானே. அதையா பதிவு பண்றது?" நாற்காலி கிரீச்சிடுகிறது. பிறகு, "நீ பக்கத்துல இருக்கியே, எனக்கு வெக்கமா இருக்கு. அடுத்ததைக் கேளு."

அப்போ சிலேட்டில் எழுதினது பொய்யா? பொய்யில்லை. அதுவும் நிஜம், இதுவும் நிஜம்.

அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சிரிப்பைப் போட்டுக் காட்டினேன். பதினோரு மாதம் கழித்துத் தன் சிரிப்பைக் கேட்கிறார். தோள் குலுங்கியது, கழுத்தில் மூச்சுத் துளையை மூடியிருக்கும் துணி படபடத்தது. லேப்டாப்பில் சத்தம், இங்கே தோள். இரண்டும் கொஞ்சம் முன்பின்னாக ஓடின. எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. இரண்டும் வந்தது, போ.

மார்ச் 17, திங்கள்

பூதக்கண்ணாடியிடம் போய் ஐந்நூறு ஜிபி டிஸ்க் கேட்டேன். புத்தம் புதுசு, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது.

லென்ஸைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நீங்களா? புதுசா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"கழிவைக் கழிக்கறதா இல்ல" என்றேன்.

கேபிளும் கொடுத்தார், கற்றும் கொடுத்தார். "எது பழசு, எது புதுசுன்னு மூணு தடவை பாருங்க. மாத்திப் போட்டீங்கன்னா காலி டிஸ்கை எடுத்து நிறைஞ்ச டிஸ்குமேல எழுதிடும். அப்புறம் எங்கிட்ட வந்து அழுது பிரயோஜனமில்ல."

மார்ச் 20, வியாழன்

மகள் ஃபோனிலேயே சொல்லச் சொல்ல, அவர் கழிவிலிருந்து ஒன்றை எடுத்து மேலே பெரிய பொத்தானாக வைத்தார். இந்தாம்மா, அந்தக் கதவைச் சாத்து.

"இந்தாம்மா மட்டும் வெட்டித் தர்றேன்ப்பா, மிச்சம் எதுக்கு?" என்றாள் மகள்.

அவர் சிலேட்டில் எழுதியதை நான் வாசித்துச் சொன்னேன்: முழுசா இருக்கட்டும்.

இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் கதவைச் சாத்தச் சொல்கிறார். கண்ணாடி எங்கே என்றாலும் கதவு. ஒரே நாளில் நாற்பது தடவை. சாவிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, உங்க கடையில மொத்தம் எத்தனை கதவு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 23, ஞாயிறு

கடை விடுமுறை. குளோன். பழையதில் சிவப்புத் துணி கட்டி, மூன்று தடவை இல்லை, ஐந்து தடவை பார்த்து ஆரம்பித்தேன். ஆறு மணி நேரம் லேப்டாப்பைத் தொடக் கூடாது. அவர் பேச முடியாத ஆறு மணி நேரம் நானும் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மூன்று மணி நேரம் தாங்கினேன். அவர் சிலேட்டில் எழுதினார்: பரவாயில்லையே.

முடிந்ததும் மாட்டிப் பார்த்தேன். சாம்பிள் பார்க்காமல் சரக்கு எடுப்பவளா நான்? பொத்தான் எல்லாம் அதனதன் இடத்தில். கழிவும். பிறகு கழற்றிப் பழையதையே மாட்டினேன். "இப்பவே மாத்திடுங்க" என்று, பார்த்துப் போக வந்த பூதக்கண்ணாடி தலையில் அடித்துக்கொண்டார். ஓடுகிற வரை ஓடட்டும். ஞாயிறுதோறும் புதிதாக ஒரு குளோன் போட்டு வைத்தால் போதாதா?

ஏப்ரல் 3, வியாழன்

மானம் போகப் பார்த்தது. ஸ்டெப்னி டிஸ்கைப் பத்திரமாக இருக்கட்டும் என்று கல்லாவுக்குப் பக்கத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அந்த மேசையை விற்றுவிட்டேன். நானே! வண்டியில் ஏற்றியாயிற்று. அவர்தான் கவனித்து, லேப்டாப்பும் கையுமாக ஓடி வந்தார். அவசரத்தில் கை தவறி, "விலை படியலைன்னா பரவால்ல, போயிட்டு வாங்க!" என்ற பொத்தானைத் தொட, வண்டிக்காரர் கிளம்பியே விட்டார். இவர் குறுக்கே போய் நின்று, வண்டியின் பக்கப் பலகையில் இரண்டு தட்டு. டொக் டொக்.

இனி டிஸ்க் என் கைப்பையில்.

ஏப்ரல் 6, ஞாயிறு

குளோன். ஐந்து மணி நேரம் தாங்கினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மூன்றாவது மாடியில் ஒரு வீடு காலி செய்கிறார்கள் என்று போயிருந்தேன். அலமாரி ஒன்றை அளந்துகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. கடை நம்பர். எடுத்தால் பேச்சில்லை. மூச்சும் இல்லை. பிறகு, டொக் டொக்.

அளவு நாடாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்தது இதுதான் முதல் தடவை.

கடையில் அவர் மட்டும். லேப்டாப் மடியில். டிக், டிக் கூட இல்லை. சிலேட் பக்கத்திலேயே இருந்தது, எடுக்கவில்லை. அறுவை முடிந்து கண் விழித்த அன்று இருந்த முகம். வாயை அசைத்து அசைத்துப் பார்த்த அன்றைய முகம். தெருச் சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

"பத்து நிமிஷம், அவ்வளவுதான். ஒண்ணுமில்ல. இந்தாங்க, இந்த ஸ்க்ரூவையெல்லாம் கையில புடிங்க."

உள்ளங்கையை விரித்தார். நான்கு ஸ்க்ரூவையும் அதில் ஒவ்வொன்றாக வைத்தேன். மூன்றாவது கழற்றும்போது திருப்புளி வழுக்கியது. பழையதை எடுத்தேன், புதியதைச் செருகினேன், ஸ்க்ரூவைத் திரும்ப வாங்கினேன். ஒவ்வொன்றும் அவர் கைச் சூட்டில் இருந்தது.

திரை கறுப்பு. கறுப்பேதான். பிறகு ஒரு வெள்ளை வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தேனே, சாம்பிள் பார்த்தேனே என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தமாகவே சொன்னேனோ என்னவோ.

பொத்தான்கள் வந்தன. பதினான்கு நிமிடம். பூதக்கண்ணாடி சொன்னதைவிட நான்கு கூடுதல்.

அவர் விரல் கொஞ்ச நேரம் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு தொட்டார்.

"இந்தாம்மா, அந்தக் கதவைச் சாத்து, சத்தம் வருது."

கதவு சாத்தித்தான் இருந்தது. எழுந்து போய், அதைத் திறந்து, மறுபடியும் சாத்திவிட்டு வந்தேன்.