சதுரமாய் இருந்த குங்குமம்

நேற்று ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் என் கையில் ஸ்பிரிட் தடவினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உம்முடைய ஞாபகம் வந்துவிட்டது ஓய். நீர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பழைய சாமான்களுக்கு மதிப்புப் போட்டுப் பிழைத்த நம் இருவருக்கும் தினமும் அந்த வாசனைதானே.

ஸ்ரீவராகம் தெரு மாமி வீட்டில் அறையை மறைக்க வைத்திருந்த மடக்குத் தட்டியை மறந்திருக்க மாட்டீர். ஆறு பலகை, கறுப்பு அரக்குப் பூச்சு, பொன்னிறக் கொக்குகள். மாமியின் கணவர் கப்பல் உத்தியோகத்தில் இருந்தபோது சீனத்திலிருந்து கொண்டுவந்தது. அவர் காலமானபின் அதை விற்றுத்தான் மகளை மெட்ராஸுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்ப வேண்டும். பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை, நாம் மதிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் வாங்குவதாகச் சொல்லியிருந்தார்.

ஓரம் பெயர்ந்த இடத்தைப் பார்த்தீர். அடியில் துணியும் மண்பூச்சும் தெரிந்தன. மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டீர், அரக்கு கரையவில்லை.

"அசல் ஆக்கும். பண்ணினவன் முத்திரையும் கிடைச்சுடுத்துன்னா துரை பேரமே பேசமாட்டான்" என்றீர்.

எனக்குப் பொறுமை ஏது? சரஸ்வதி பூஜைதோறும் வைத்த குங்குமம் பலகைக்குப் பலகை அப்பியிருந்தது. ஸ்பிரிட் துணியால் முன்பக்கம் முழுக்கத் துடைத்தேன். பின்பக்கம் கீழ்மூலையில் இருந்த சிவப்பையும் அதே வேகத்தில் துடைத்தேன். அது பாதி போயிருக்கும்போது நீர் வந்து குனிந்து பார்த்தீர்.

"குங்குமத்தை யாராவது சதுரமா வைப்பாளா ஓய்?"

மிச்சத்தையும் துடைத்துவிடுகிறேன், மாமியிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். நீர் கேட்கவில்லை. மாமியையும் மகளையும் கூப்பிட்டுச் சொன்னீர். கடிதத்திலும் எழுதினீர்: "முத்திரை இருந்தது. நாங்கள் தவறுதலாகத் துடைத்துவிட்டோம்." துரை விலையைக் குறைத்தார். அந்தப் பெண் படிக்கப் போவது ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அந்த வருஷம் முழுக்க நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. உம்மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் வெட்கம்தான்.

நேற்று ஊசி போட்ட டாக்டர் அவள்தான்.

"துடைச்சது நாங்க இல்லேம்மா, நான்" என்றேன்.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சிரித்தாள். "அன்னிக்கே தெரியும் மாமா. உங்க விரல்தானே சிவப்பா இருந்தது? அம்மாதான் கேக்கப்படாதுன்னுட்டா."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது; அவர்களுக்குத் தெரியும் என்பது உமக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் "நாங்கள்" என்றே எழுதினீர். இப்போதும் பழைய சாமானில் சிவப்பாக எதையாவது கண்டால், துணியை எடுக்குமுன் உம்மைத்தான் கூப்பிடத் தோன்றுகிறது ஓய்.