‘வா’ என்று சொல்ல எளிய உத்திகள்

பிப்ரவரி 23, ஞாயிறு

பிரீத்தி கலிபோர்னியாவுக்கு, சான் ஹோசேக்குப் போய் ஆறு வாரம். புது வேலை, தற்காலிக வீடு. ஆஸ்டின் ஏர்போர்ட்டில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும்தான் அந்த வீடு. அதுக்குள்ள ஒரு போன் பண்ணி வான்னு சொல்லுங்க, வந்துடறேன். இல்லன்னா அங்கயே ஒரு வருஷத்துக்கு லீஸ் போட்டுடுவேன்.”

பிறகு, “வர்றேன்” என்று உள்ளே போய்விட்டாள். வர்றேன் என்றவள் வருவாள்தானே என்று நான் ரவுண்ட் ராக் வீட்டுக்குத் திரும்பி நிம்மதியாகத் தூங்கினேன். தமிழன் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

பிப்ரவரி 25

காரணம் சின்னதுதான். போன ஆடியில் அவள் அப்பா ஈரோட்டில் தவறினார். அப்போது என் பாஸ்போர்ட் காலாவதியாகி எட்டு மாதம். புதுப்பிக்கத்தான் இருந்தேன். தனியாகப் போனாள். திரும்பி வந்து சண்டைகூடப் போடவில்லை. போட்டிருக்கலாம்.

மார்ச் 2, ஞாயிறு

தயக்கத்தை வெல்வது பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். முதல் உத்தி: பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்கு. ‘வா’ ஓரெழுத்து ஒருமொழி. இதற்குமேல் எப்படி உடைப்பது?

மார்ச் 9, ஞாயிறு

பிரீத்தி ராகுகாலம் பார்ப்பவள். நான் பகுத்தறிவாளன்; தள்ளிப்போட உதவினால் மட்டும் நம்புவேன். இங்கே ராகுகாலம் ஆறுக்கு முடிகிறது. கலிபோர்னியாவின் ராகுகாலம் நமக்கு ஆறரைக்குத் தொடங்குகிறது. இடையில் அரை மணி நேரம் கிடைத்தது. யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14

அடுத்த உத்தி: யாரிடமாவது சொல்லிவை, வெட்கப்பட்டாவது செய்வாய். ஆபீசில் செழியனிடம் சொன்னேன்.

“இதுக்கு புக்கெல்லாமா? கால் பண்ணுங்க ப்ரோ.”

“பண்றேன். ஸ்கூல் ஸ்பிரிங் பிரேக் லீவு முடியட்டும்.”

“உங்களுக்குக் குழந்தையே இல்லையே ப்ரோ.”

மார்ச் 22

ஐந்திலிருந்து ஒன்றுவரை இறங்கி எண்ணினால் கை தானாகச் செய்துவிடுமாம். எண்ணினேன். பூஜ்யத்துக்குக் கீழும் எண்கள் இருக்கின்றன.

மார்ச் 30

நாளைக்கு. நாளைக்குக் கண்டிப்பாக. — இந்த வாக்கியத்தை என் கையெழுத்தில் இதற்குமுன் எத்தனை முறை படித்திருக்கிறேன்?

மார்ச் 31, திங்கள்

பேசினேன். மதியம், ஆபீஸ் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து. முதல் ரிங்கிலேயே எடுத்தாள். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

“சொல்லுங்க.”

கராஜ் கதவு சத்தம் போடுகிறது என்றேன். எண்ணெய் விடச் சொன்னாள்.

“என் கருவேப்பிலைச் செடி எப்படி இருக்கு?”

ஜனவரி உறைபனியிலேயே கருகிவிட்டது. “உள்ள எடுத்து வைக்கணும்னுதான் இருந்தேன்.”

பிறகு, மெதுவாக, “வேற?”

எவ்வளவு பொறுமையாகக் கேட்டாள். நான் எட்டித் தொடும் உயரத்தில் அந்த வார்த்தையை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். என் வாய்க்கு என்ன வந்தது?

“வேற ஒண்ணுமில்ல.”

“சரி. போறேன்.”

பதினோரு வருடத்தில் அவள் போறேன் என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஏப்ரல் 12, சனி

பாஸ்போர்ட் புதுப்பிக்க விண்ணப்பித்தேன். நாற்பது நிமிடம்தான் ஆனது.