மடிப்புக் கலையாத சட்டை

அண்ணிக்கு,

நீங்கள் கொடுத்தனுப்பிய அண்ணனின் சட்டை வந்து சேர்ந்தது. என் துணிமணியெல்லாம் ஆற்றோடு போனதை மறக்காமல் அனுப்பியிருக்கிறீர்கள். இன்னும் போடவில்லை.

நிலநடுக்கம் வந்த ஒரு மணி நேரத்தில் ஆறு வற்றிப்போனதே, அப்போது கரையோரத் தெருவே மீன் பொறுக்க இறங்கியது. அண்ணன் மட்டும் படியில் நின்று என்னைக் கேட்டார்.

"டேய், தண்ணி அளக்கிறவன் நீதானே, இறங்கலாமா?"

"தாராளமா இறங்குண்ணா. ஒண்ணும் ஆகாது."

ஆறு திடீரென்று வற்றினால், மேலே மலை சரிந்து தண்ணீரை மறித்திருக்கிறது என்று அர்த்தம். எந்த நிமிஷமும் உடைத்துக்கொண்டு வரும். உடனே கரையைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக நான் சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். அன்றைக்கு என் கையிலும் ஒரு வாளி இருந்தது.

வாளி நிறைந்ததும் உங்களிடம் கொடுக்க மேலே வந்தேன். "உங்க அண்ணன் எங்கே?" என்று நீங்கள் கேட்டு வாய் மூடவில்லை, அந்தச் சத்தம் கேட்டது.

'இப்படி வெள்ளம் வரும்னு யாருக்குத் தெரியும், பாவம்' என்று எல்லாரிடமும் சொல்கிறீர்களாம்.

எனக்குத் தெரியும், அண்ணி.

சட்டையை மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதைப் படித்த பிறகும் மனசு வந்தால், உங்கள் கையால் கொடுங்கள்.

உங்கள் கொழுந்தன்