பாலத்தில் நின்றுபோன லேப்டாப்

போலகம்
திங்கட்கிழமை

அன்பு மகன் சிவநாதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. வீட்டுச் சாமி துணையால் நானும் அப்பாவும் மாடு கன்றும் இங்கே சுகமாக இருக்கிறோம், அங்கே குளிர் இறங்கியிருக்கும், நீயும் மருமகள் லொரேனும் பேத்தி ஓரேலியும் காதை மூடிக்கொண்டு வெளியே போய், வயிறாரச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் நீ அப்பாவிடம் கொடுங்கம்மா என்கிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், இதையாவது முழுசாகப் படி. ஐப்பசி மழை நன்றாகவே பிடித்துக்கொண்டது, சம்பா நட்ட வயலில் தண்ணீர் நின்று வடிந்துவிட்டது, பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை லீவுக்கு வந்தபோது நீ விட்டுப்போன லேப்டாப்பில்தான் நானும் ஓரேலியும் ஞாயிறு சாயங்காலம் விளையாடுகிறோம் என்பது உனக்குத் தெரியும். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு பிரெஞ்சு வராது, ஆனால் அந்த விளையாட்டுக்குள் போய்விட்டால் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. அவள் கத்தி எடுத்து மிருகங்களோடு சண்டை போடுவாள், நான் விளக்கும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன், மற்ற நேரத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு வயல், அதில் விதைத்து அறுத்துப் பெட்டியில் போடுவேன். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவள் பாட்டுக்கு அவள் பாஷையில் பேசுவாள், நான் பாட்டுக்கு வலது பக்கம் வருது பாரு தாயி, குத்து குத்து என்பேன், அவளும் சரியாகக் குத்துவாள். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினாளே, அதற்கு அந்தப்புறம் புதுசாக ஒரு நாடு திறந்தது, அன்றிலிருந்து பிடித்தது வினை. நான் பாலத்தில் கால் வைத்ததும் படம் அப்படியே நின்றுவிடும், உள்ளே காற்றாடி ரைஸ்மில் மாதிரி இரையும், அப்புறம் எல்லாம் இருட்டு. அவள் அந்தப்புறத்தில் விளக்கில்லாமல் தனியாக மாட்டிக்கொள்வாள். அடுத்தடுத்த ஞாயிறும் இதே கதைதான். அப்போதுதான் நீ போன் பண்ணி, ஓரேலி சொல்றாம்மா, அப்பாயிக்குச் சலிப்பா இருந்தா விளையாட வேணாமாம் என்று சொன்னாய். குழந்தையை நடுவழியில் விட்டுப்போகிறவள் என்றா அவள் என்னை நினைத்துக்கொண்டாள் என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. புதுசு வாங்கி அனுப்புறேன், வர்றப்ப வரட்டும், அதுவரைக்கும் சும்மா இருங்க என்றாய். அதற்குள் பிள்ளைக்கு வேறு கூட்டாளி கிடைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்.

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன். இந்த வயசுல உனக்குச் சண்டை விளையாட்டு கேக்குதா, கண்ணு அவிஞ்சு போவும் என்று சொல்லிக்கொண்டே அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் லேப்டாப்பை அவர்தான் மடியில் வைத்திருந்தார், பிறந்த பிள்ளையைப் பிடிப்பது போல, பக்கத்தில் உட்கார்ந்தவரின் குடையைக்கூட நகர்த்தி வைக்கச் சொன்னார். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சஃபியுல்லா என்று ஒரு தம்பி கடை வைத்திருக்கிறார். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தவர் அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினார். ஆயுத பூஜைக்கு நான் வீட்டில் கதிர் அரிவாள், மோட்டார், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது இதற்கும் வைத்தேன். மேலே வைத்தால் பளபளப்புப் போய்விடுமே என்று யோசித்து அடிப்பக்கம் வைத்தேன், மூலைக்கு ஒன்று, நடுவில் பெரிதாக ஒன்று. மூலையில் வைத்ததெல்லாம் ஸ்குரூ இருக்கும் குழியாம், நடுவில் வைத்தது காற்று போகிற சல்லடையாம், சந்தனம் காய்ந்து சிமெண்டு பூசியது மாதிரி இறுகிவிட்டது. அந்தத் தம்பி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, சாமி பொட்டும்மா, நான் எடுக்கலாமா, நீங்களே எடுத்துடுறீங்களா என்று கேட்டார் பார், அந்த மரியாதைக்கே அவர் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்க வேண்டும். நீங்களே எடுங்க தம்பி, சாமி ஒண்ணும் நினைக்காது என்றேன். அப்பா விடுவாரா, நல்லவேளை, கற்பூரத்த உள்ள வச்சுக் கொளுத்தாம விட்டாளே என்றார்.

திறந்து பார்த்துவிட்டு, காற்றுப் போகாததால் சூடு ஏறியது ஒன்று, பெரிய கோளாறு அது இல்லை, மெமரி போதவில்லை என்றார். எட்டு ஜிபி ஒன்றுதான் இருக்கிறது, பக்கத்தில் இன்னொன்று வைக்க இடம் காலியாக இருக்கிறது, புது நாட்டைத் திறந்ததும் அதற்கு இடம் பற்றவில்லை என்றார். தம்பி, அதக் கழட்டுறப்ப எங்க வீடு வயலெல்லாம் அழிஞ்சிடாதே என்று கேட்டேன். உங்க வீடு இதுல இல்லவே இல்லம்மா, பேத்தி கம்ப்யூட்டர்ல இருக்கு, இங்க இருக்குறது விளையாடுறப்ப பரப்பி வைக்கிற இடம்தான் என்றார். அப்போ குதிர் அவ வீட்டுல, களம் என் வீட்டுல, களந்தான் சின்னதா போச்சு என்றேன். அதேதாம்மா என்று சிரித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று நீ நினைத்துக்கொள், எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும். கடையில் கைவசம் இருந்த மெமரியை வைத்துப் பார்த்தார், அதன் விளிம்பில் இருக்கிற வெட்டு வேறு இடத்தில் இருந்ததால் உள்ளே இறங்கவில்லை. அதைப் போட்டு அழுத்தாமல், இதே வகையில் இதே வேகத்தில் உள்ளதாக வரவழைக்கிறேன், ஒன்று மெதுவாகப் போனால் மற்றதும் அதோடு சேர்ந்து மெதுவாகத்தான் நடக்கும் என்றார். ஏரில் பூட்டுகிற ஜோடி மாடு என்று அப்பா உடனே பிடித்துக்கொண்டார், அப்புறம் இருவரும் அரை மணி நேரம் மாட்டுப் பேச்சு. மழையால் சாமான் வரத் தாமதமானாலும் சொன்னபடி வரவழைத்து மாட்டி, தூசியும் துடைத்துக் கொடுத்தார்.

நேற்று சாயங்காலம் பயந்துகொண்டேதான் உள்ளே போனேன். இத்தனை நாள் ஆள் இல்லாத வயல், களை மண்டிக் கிடக்கும் என்று நினைத்தேன். சிவநாதா, பயிர் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. நான் விதைத்துவிட்டு வந்ததை அவள் அறுத்து என் பெட்டியிலேயே நிரப்பி, ஒரு கட்டைக்கூடத் தனக்கென்று எடுக்காமல், மறுபடியும் விதைத்துத் தண்ணீரும் கட்டியிருக்கிறாள். என்னைக் கண்டதும் குதிகுதியென்று குதித்தாள், அப்பாயி அப்பாயி என்று கத்தினாள், அப்புறம் அவள் பாஷையில் மூச்சுவிடாமல் என்னென்னவோ. பாலத்தைத் தாண்டினோம், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. லேப்டாப்பை விட்டுப்போன உனக்கும், ஞாயிறு தவறாமல் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைக்கிற லொரேனுக்கும், கண்ணும் கருத்துமாகச் செய்துகொடுத்த சஃபியுல்லா தம்பிக்கும் நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன். புதுசு அனுப்ப வேண்டாம், இதுவே எனக்குப் போதும்.

ஆனால் நேற்றிலிருந்து ஒன்று யோசிக்கிறேன். நான் சலித்துப் போய்விட்டேன் என்று நினைத்த பிள்ளை எனக்காக விதைத்து வைக்குமா. அந்த வார்த்தை அவள் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அம்மா சிரமப்படுகிறாள், இதைச் சாக்காக வைத்து நிறுத்தட்டும் என்று நீயாகத்தான் சொல்லியிருப்பாய். உன் மேல் கோபம் இல்லை, பெற்றவள்மேல் உள்ள கரிசனம்தான், அதற்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். என்றாலும் அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், ஓரேலி நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். லொரேனை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். மறந்துவிடாதே, அன்றைக்கு ஓரேலி சொன்னதை அவளிடமே கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் சொன்னது சொன்னபடி எனக்கு எழுது.

உன் அம்மா
ப. மங்கையர்க்கரசி