எபிசனுக்கு ஒரு வில்லங்கச் சான்று

4 மார்ச் 2024, திங்கள்

இன்று மூன்று பத்திரம். தக்கலையில் பத்திரம் எழுதும் ஆபீஸில் டைப் செய்ய வந்து ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை காலத்தில் ஒன்று மட்டும் படித்திருக்கிறேன்: விற்கிறவன் சிரித்துச் சிரித்துப் பேசினால் முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு அப்படி ஒரு சான்று கிடையாது. சபையில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கிறார்கள், தடை சொல்ல யாரும் உண்டா என்று கேட்கிறார்கள், ஒருத்தரும் எழும்புவதில்லை. முடிந்தது.

எபிசன் காலையில் கூப்பிட்டார். மறுபடியும் காருக்குள் இருந்து. கனடாவில் அப்போது ராத்திரி ஒன்பதரை. அந்த நேரத்தில் காருக்குள் என்ன சோலி? கல்யாணம் கழிந்து ஒரு மாதம் என்னோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போய் ஐந்து வாரம் ஆகிறது. அவர் தங்கும் அறையில் ஒரு சுவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. கார், இல்லையென்றால் கடை வாசல், இல்லையென்றால் பனி.

என்னை அங்கே நிரந்தரமாகக் கூட்டிக்கொள்ள, மனைவி என்று ஸ்பான்ஸர் செய்து மனுவைப் பிப்ரவரி 12-ஆம் தேதியே போட்டாகிவிட்டது என்கிறார். போட்டதற்கு ரசீது எங்கே என்று கேட்டேன். வரும் என்றார்.

10 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், எப்போ கனடாவுக்கு என்று. நாலு பேருக்கும் நாலு பதில் சொன்னேன்.

19 மார்ச், செவ்வாய்

இன்று ஃபைல் நம்பர் கேட்டேன். வீடியோ இல்லை, வெறும் பேச்சுதான். காருக்குள் இருக்கிறேன், சிக்னல் சரியில்லை என்றார். சொன்ன வாய் மூடவில்லை, பின்னால் ஒரு பெண் குரல்: "கதவ அடச்சிட்டுப் பேசுங்க, பிள்ள ஒறங்குது."

தமிழ். அதுவும் நம்ம ஊர்த் தமிழ்.

யார் அது என்றேன். டிவி என்றார். காருக்குள் டிவி.

சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன். பிள்ளை யாருடையது?

27 ஏப்ரல், சனி

அடுத்த சீட்டில் இருக்கும் கிரேசியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள்தான் சொன்னாள், அந்த நாட்டு இமிக்ரேஷன் வெப்சைட்டில் யாரும் எழுதிக் கேட்கலாமாம். மத்தியானம் சார் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போன நேரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். என் பேர், பாஸ்போர்ட் நம்பர், அவர் பேர். என் கணவர் எனக்காக மனு போட்டதாகச் சொல்கிறார், அது உண்மையா? தங்கும் வீட்டைக் காட்ட மறுக்கிறார். அங்கே இன்னொரு பெண்ணோடும் பிள்ளையோடும் குடும்பம் நடத்துகிறார் என்று நினைக்கிறேன். விசாரித்துச் சொல்லுங்கள்.

கடைசி இரண்டு வரி வேண்டாம் என்று கிரேசி சொன்னாள். நான் கேட்கவில்லை. கேட்பதென்றால் முழுசாகக் கேட்க வேண்டும். அனுப்பின மறுநிமிஷம் தானாக ஒரு பதில் வந்தது, கிடைத்தது என்று. அவ்வளவுதான்.

6 மே, திங்கள்

மாட்டிக்கொண்டார். இன்று கேட்கிறார், நாம் பேசிக்கொண்ட வாட்ஸ்அப் எல்லாம் தேதி வாரியாக வேண்டுமாம், கல்யாணப் படம் இருபது வேண்டுமாம். பிப்ரவரியில் போட்ட மனுவுக்கு மே மாதம் எதற்குப் படம்? கூடுதலாகக் கேட்கிறார்கள் என்றார். நம்பினதுபோல் இருந்தேன்.

கம்ப்யூட்டர் சென்டரில் பிரின்ட் எடுக்கிற பெண் எங்கள் பேச்சை ஒவ்வொன்றாக வாசித்து அடுக்கினாள். சாப்டியா. சாப்டேன். மழையா. இல்ல. நம்பர் வந்திச்சா? வரும். இதைப் படிக்கிற அதிகாரி எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று நம்புவாரா, பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொண்ட இரண்டு பேர் என்று நினைப்பாரா?

கல்யாணப் படம் அதைவிட மோசம். எதை எடுத்தாலும் எனக்கும் அவருக்கும் நடுவில் குளோரி மைனியின் தலை. எபிசனின் ஒரே அக்கா. தன் வீட்டுக்காரரின் தங்கையைத் தம்பிக்குக் கட்டிவைக்க நினைத்தவள். நடக்கவில்லை. அந்த ஆற்றாமையில் படத்திலாவது நடுவில் நிற்கிறாள் போல.

2 ஜூன், ஞாயிறு

ஃபைல் நம்பர் வந்துவிட்டது. மனு போய்ச் சேர்ந்த தேதி: மே 27.

பிப்ரவரி இல்லை. மே. நாலு மாசமா எங்கிட்ட பச்சப் பொய் சொல்லிருக்காரு. கேட்டால், முதலில் போட்டது திரும்பி வந்துவிட்டதாம். திரும்பி வந்த கடிதத்தைக் காட்டுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

பொய் சொல்லி எழுதின பத்திரம் என்றால் ரத்து செய்யக் கேஸ் போடலாம். இதை என்ன செய்ய?

17 ஆகஸ்ட், சனி

விசாவுக்குக் கைரேகை வைக்க, டாக்டர் சோதனைக்கு என்று சென்னை போய் வந்தேன். ஒத்தையில் போகக் கூடாது என்று மாமியார் ஜெயபாய் குளோரி மைனியைக் கூட அனுப்பிவிட்டார்கள். இரணியலில் ரயில் ஏறியதிலிருந்து கேள்விதான். அவன் வீட்டைக் காட்டினானா, யாரோடு தங்குகிறான், வேலை எப்படிப் போகிறது. தம்பியைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதா என்ன? என் வாயைக் கிண்டிப் பார்க்கிறாள் என்று தோன்றியது. எல்லாவற்றுக்கும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

21 நவம்பர், வியாழன்

கடிதம் வந்திருக்கிறது. விசா இப்போதைக்கு இல்லை.

எபிசன் அனுப்பினதை ஆபீஸில் வைத்தே படித்தேன். எங்கள் கல்யாணம் உண்மையானதுதானா என்று அவர்களுக்குச் சந்தேகமாம். ஸ்பான்ஸர் செய்கிறவர் வேறு குடும்பத்தோடு வாழ்கிறார் என்று தகவல் கிடைத்திருக்கிறதாம். முப்பது நாளைக்குள் விளக்கம் தராவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

தகவல் கொடுத்தது யார்? மொட்டைக் கடுதாசி எழுத நம்ம ஊரில் ஆளுக்கா பஞ்சம். எபிசன் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்: குளோரி. ரயிலில் கேட்ட கேள்வி எல்லாம் இதற்குத்தான்.

கிரேசி மெதுவாகக் கேட்டாள், "நம்ம அனுப்புனது இல்லியே?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாம் கேட்டது கேள்வி. அப்போது மனுவே போடவில்லை, ஃபைல் நம்பரே கிடையாது. இது யாரோ வேண்டுமென்றே செய்தது. அவள் திரும்பி டைப் செய்தாள்.

எபிசன் அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவைக்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

1 டிசம்பர், ஞாயிறு

குளோரி மைனி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அழுகை இல்லை, சத்தம் இல்லை. அப்பா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எழுதணும்னா எனக்க பேரப் போட்டு எழுதுவேன் மக்கா. எனக்கு யாரப் பாத்துப் பயம்?"

அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். மைனி தொடாமல் போய்விட்டாள். திருடன் என்றைக்குத் திருடினேன் என்று சொல்லியிருக்கிறான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

16 டிசம்பர், திங்கள்

ஃபைலில் அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்பையெல்லாம் கேட்டு வாங்கலாமாம். எபிசன் அதற்கு எழுதிப் போட்டிருக்கிறார். விளக்கம் தர ஜனவரி கடைசி வரை நேரமும் வாங்கிவிட்டார். வரட்டும். பேரோடு வரட்டும்.

27 டிசம்பர், வெள்ளி

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம். கிறிஸ்துமசுக்குக் குளோரி மைனி தாய் வீட்டுக்குப் போகவில்லை. மாமி தனியாக இருந்து முறுக்கு சுட்டார்களாம்.

8 ஜனவரி 2025, புதன்

குறிப்பு வந்துவிட்டது. எபிசன் இருபத்தி மூன்று பக்கமும் அனுப்பி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 11-ம் பக்கம் பாரு.

பார்த்தேன். ஏப்ரல் 27. என் பேர். என் பாஸ்போர்ட் நம்பர். அங்கே இன்னொரு பெண்ணோடும் பிள்ளையோடும் குடும்பம் நடத்துகிறார். தகவல் தந்தவர்: மனுதாரரின் மனைவி.

நான்தான். வேற யாரும் இல்ல. நான்.

9 ஜனவரி

கூப்பிடவில்லை.

10 ஜனவரி

நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆபீஸில் ஒரு பத்திரத்தில் வாங்குபவர் பேரை விற்பவர் இடத்தில் டைப் செய்துவிட்டேன். சார் திட்டினார். திட்டு வாங்கினது நன்றாக இருந்தது.

12 ஜனவரி, ஞாயிறு

காலையில் கூப்பிட்டார். ஒரே கேள்வி. "ஏன் ஜினி, எங்கிட்ட கேக்கல்ல?"

"கேட்டேன். ரெண்டு மாசம் கேட்டேன். டிவின்னு சொன்னீங்க."

அதற்கப்புறம்தான் எல்லாம் சொன்னார். கல்யாணம் கழிந்து திரும்பிப் போன அன்றைக்கே குடோன் வேலை போயிருக்கிறது. அறையைக் காலி செய்துவிட்டு, நம்ம பக்கத்து இனயம் ஊர்க்காரன் பிபின் வீட்டு ஹாலில் சோபாவில் படுத்திருந்திருக்கிறார். அந்தக் குரல் பிபினின் மனைவி. பிள்ளை அவர்கள் பிள்ளை. வேலை இல்லாமல் ஸ்பான்ஸர் மனு போட்டால் தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, புது வேலை கிடைத்த பிறகுதான் மே மாதம் போட்டிருக்கிறார்.

"கெட்டின மறு மாசமே வேலை போச்சுன்னு எந்த வாய வச்சிச் சொல்ல?"

அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஒரு சோபாவை மறைக்க இத்தனை பொய்யா? ஆனால் நான் எழுதினது பொய்யைவிடப் பெரிசு. அவர் என்னிடம்தான் மறைத்தார். நான் ஒரு நாட்டு அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் சொன்னார், அக்காவிடம் நீயே போய்ச் சொல்லு, எனக்கு முகம் இல்லை என்று.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல் லீவு. இரணியலுக்கு பஸ் ஏறினேன். குளோரி மைனி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டேன். எழுதினது நான். உங்களைச் சொன்னதும் நான்.

கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். அடுத்த துணியை எடுத்தாள். அதையும் போட்டாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அவனுக்கு வேலை போன விஷயம் எனக்கும் தெரியாது பாத்துக்க. சோலி இருக்கா, வயித்துக்குத் திங்கிறானான்னு தெரியாமத்தான் ஒங்கிட்ட ரயில்ல அப்பிடித் துருவித் துருவிக் கேட்டேன். நீ வாயத் தெறக்கல்ல."

மன்னித்துக்கொள்ளுங்கள் மைனி என்றேன். அதைக் காதில் வாங்கவே இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் நடையில் திரும்பி நின்றாள்.

"ஏட்டி, கள்ளக் கல்யாணம் கெட்டினவ, புருஷன் எவகூடக் கெடக்கான்னு இப்பிடிக் கெடந்து எரிவாளா? எரிஞ்சது நெசம்தானே. அத அப்பிடியே எழுதிக் குடு."

கதவை அடைத்துவிட்டாள். காப்பி தரவில்லை. தர வேண்டிய அவசியமும் இல்லை.

18 ஜனவரி, சனி

எழுதி முடித்தேன். இத்தனை வருஷம் யார் யார் பேரிலோ உறுதிமொழிப் பத்திரம் டைப் செய்திருக்கிறேன், என் பேரில் இதுதான் முதல். அந்தத் தகவலைத் தந்தது நான். என் கணவருக்கு வேலை போயிருந்தது, அதை என்னிடம் மறைத்தார். மறைத்ததை வைத்து நான் தப்பாக நினைத்தேன். பொய்க் கல்யாணம் என்றால் அவர் எங்கே தங்குகிறார் என்று எனக்கு என்ன கவலை? பெண்டாட்டி என்பதால்தான் தூக்கம் இல்லாமல் எழுதினேன். பிபினும் அவன் மனைவியும் தனியாக ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். எபிசன் வேலை போன கடிதத்தையும் இணைத்திருக்கிறார். அந்தக் கடிதத்தை இன்றுதான் நானும் பார்க்கிறேன்.

படித்துப் பார்த்துவிட்டு எபிசன் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அப்படியே அனுப்பிவிட்டார்.

11 மார்ச், செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. தினமும் கூப்பிடுகிறார். சாப்டியா. சாப்டேன்.

23 ஏப்ரல், புதன்

விசா அடிக்கப் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லிவிட்டார்கள்! கிரேசி சார் முன்னாலேயே என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அப்பா சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட வேண்டும் என்கிறார். எபிசன் போனில் சிரித்தார். பழைய சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரித்தார்.

12 மே, திங்கள்

பாஸ்போர்ட் விசாவோடு திரும்பி வந்துவிட்டது. வேலையை விடுவதாக சாரிடம் எழுதிக் கொடுத்தேன். குளோரி மைனி மாமியிடம் நெத்திலிக் கருவாடு பொதிந்து கொடுத்துவிட்டிருக்கிறாள், தம்பிக்கு. அவள் வரவில்லை.

இன்று எபிசன் டிக்கெட் போட உட்கார்ந்தார். முப்பதாம் தேதி, திருவனந்தபுரத்தில் இருந்து. பேரை இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். போட்டு முடிக்கப் போகிற நேரத்தில் நிறுத்தினார்.

"வேற எங்கயாவது, யாருக்காவது ஏதாவது எழுதிருக்கியா ஜினி? இருந்தா இப்பச் சொல்லிரு."

இல்லை என்றேன். அதுதான் உண்மை. வேறு யாருக்கும் எழுதவில்லை.

"சரி" என்றார்.

அந்தச் "சரி" எனக்குத் தெரியும். போன வருஷம் பூராவும், அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நம்பாமலே நான் அவருக்குச் சொன்னது அதைத்தான். டிக்கெட் போனுக்கு வந்துவிட்டது. பெட்டி நாளைக்கு வாங்க வேண்டும்.