ஊசி போட்டாச்சு

ஆவடி
24-4-1988, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். ஒரு முறை கேட்டிருந்தால் போதும். இன்லண்டு கடிதத்தில் இடமே குறைவு. அதில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, காய்ச்சல் இருக்கிறதா. செத்துப்போனது நாய்கள். அவற்றுக்கு ஒரே வரி: மனசைத் தேற்றிக்கொண்டு பரீட்சையைப் பார்.

பார்க்கிறேன். மூன்று தாள் முடிந்தது. புதன்கிழமை கடைசி. அதோடு எம்.ஏ. முடிகிறது.

குழாயில் இப்போது காலையில் மட்டும்தான் தண்ணீர். எதிர் பிளாக்கில் இரண்டு வீடு காலி. வேறு செய்தி இல்லை.

நீ திருச்சி வேலைக்குப் போன பிறகு வந்தவை அந்த நாய்கள். பொங்கலுக்கு நாலு நாள் நீ பார்த்ததோடு சரி. அதனால் எழுதுகிறேன்.

பட்டாணியை அண்ணனூரில் எடுத்தேன். கல்லூரியிலிருந்து திரும்பும்போது ரயில் அங்கே வெகுநேரம் நின்றது. ஷெட்டுக்குப் பிரியும் தண்டவாளத்தின் ஓரம் குட்டி ஒன்று கிடந்தது. இடது முன்னங்கால் பாதி இல்லை. இறங்கினேன். புத்தகப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் எனக்கு உட்கார இடம் கிடைத்த ஒரே நாள் அதுதான். ரத்தம் சொட்டியதில் எல்லோரும் விலகிப் போனார்கள்.

சங்கு வெள்ளானூர்ச் சாலையில் கிடைத்தது. யாரோ கொதிக்கும் தண்ணீரை முதுகில் ஊற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் கடைசிவரை முடி முளைக்கவில்லை. மழையில் நனைந்தால் அங்கே மட்டும் பளபளக்கும். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் தலையைத் தூக்கிக் கூடவே ஊதும். அதனால் அந்தப் பெயர். ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "இன்னா மாமே, நீயும் டூட்டிக்கு வர்றியா?" என்று கேட்பார்கள்.

வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்பா முதல் நாள் சொன்னார். ஒரு மாதத்தில் அவருடைய காக்கிச் சட்டைப் பையில் எண்ணெய்க் கறை. அவற்றுக்குக் கொண்டுவந்த கேன்டீன் வடை.

பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, எனக்கு முதல் தாள். பட்டாணிக்கு இரண்டு நாளாக உடம்பு சரியில்லை. அப்பா வேலைக்கு மட்டம் போட்டிருந்தார். "நீ கிளம்பு. நான் டாக்டர்கிட்ட காட்டி ஊசி போட்டுக் கூட்டி வர்றேன்" என்றார். சாயங்காலம் திரும்பியபோது கொல்லை முழுக்க பிளீச்சிங் பவுடர் வாடை. சங்கிலிகள் கழுவி ஆணியில் தொங்கின. சோற்றுத் தட்டு இல்லை. அவை படுக்கும் சாக்கு எரிந்து சாம்பலாகக் கிடந்தது.

"போயிடுச்சும்மா, ரெண்டும்" என்றார். எப்படி என்றேன். "எதையோ தின்னிருக்கும்." எங்கே புதைத்தீர்கள் என்றேன். "ஏரிப் பக்கம்." ஏரிப் பக்கம் என்றால் ஒரு மைல் நீளம்.

பிறகு என் கையைக் காட்டச் சொன்னார். டியூப் லைட் அடியில் இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். என்னையே சந்தேகப்படுகிறாரா என்று தோன்றியது.

விஷம் என்று முடிவு செய்தேன். யார் என்பதிலும் தயக்கம் இல்லை. வெள்ளானூரிலிருந்து நமக்குப் பால் கொண்டுவரும் வேம்புலியம்மாள். அவளுடைய கோழிக்குஞ்சு இரண்டைச் சங்கு தின்றது. அன்றே, அந்த நாயை ஒரு வழி பண்ணுகிறேன் என்று தெருவில் நின்று சொன்னவள்.

செவ்வாய்க்கிழமை குழாயடியில், எல்லோர் முன்னாலும் கேட்டேன். எதில் கலந்து வைத்தாய் என்று. அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "இன்னாம்மா, பட்ச்ச பொண்ணு பேசற பேச்சா இது? கோழிக்குஞ்சுக்கோசரம் வாயில்லா ஜீவனுக்கு வெசம் வெக்கிறவளா நானு?" என்றாள். நான் விடவில்லை. கொலைகாரி என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "அதான் ஊசி போட்டாச்சில்ல, இன்னும் இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கத்தற? ஊட்டுக்குப் போய் படி" என்றாள்.

ஊசி போட்டாச்சு. அவளுக்கு எப்படித் தெரியும்?

தூங்கப் போகிறேன். பக்கம் மிச்சம் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

26-4-88, செவ்வாய்

அனுப்பவில்லை. நல்லதாகப் போயிற்று.

வேம்புலியம்மாள் இல்லை. விஷமும் இல்லை. அவள் சொன்னதை ஒரு வாரமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். ஊசி போட்டுத்தான் கொன்றிருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போனவர் அப்பா. "எதையோ தின்னிருக்கும்" என்று அவர் சொன்னதும் பொய்.

கவனிக்க ஆரம்பித்தேன். எட்டு மணி வேலைக்கு ஆறு மணிக்கே கிளம்புகிறார். சைக்கிளில் பத்து நிமிஷ வழி. பேன்டும் பெல்ட்டும் போடுகிறவர் இப்போது தளர்ந்த வேட்டியில் போகிறார். பேன்டை மடித்துப் பையில் எடுத்துப் போகிறார். குனிவதில்லை. சோற்றைப் பாதியில் ஒதுக்குகிறார். நான் பக்கத்தில் போனால் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பினார். ஓவர்டைம் என்றார். அன்று சங்கே ஊதவில்லை அண்ணா. மூடிய தொழிற்சாலையில் என்ன ஓவர்டைம்?

காரணத்தைத் தேடினேன். ஐயப்பன்தாங்கல் வரன்.

மே முதல் வாரம் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நாய் என்றால் ஆகாது என்று தரகர் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. நொண்டி நாயும் வெந்த நாயும் திரியும் வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிறார்களாம். அந்த இடத்தைக் கொண்டுவந்தது நீ. நான் பரீட்சைக்குப் போகும் நாளாகப் பார்த்துக் கொல்லையைச் சுத்தம் செய்திருக்கிறீர்கள்.

உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நாய்கள் எப்படிச் செத்தன என்று நீ கேட்கவே இல்லை. தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுகிறேன். பரீட்சை முடிந்ததும் தாம்பரத்தில் ஒரு தோழியின் விடுதிக்குப் போவதாக இருக்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நீ கடிதம் போட்டாயா, அல்லது வந்தபோதே பேசி முடித்தீர்களா? அதை மட்டும் எழுது.

27-4-88, புதன், சாயங்காலம்

கடைசித் தாள் எழுதிவிட்டு வந்தேன். நம் பிளாக் முனையில் வேம்புலியம்மாள் நின்றிருந்தாள். எட்டு நாளாக என்னோடு பேசாதவள். பாலை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறவள்.

"பரிச்ச முடிஞ்சிச்சா?" என்றாள்.

முடிந்தது என்றேன்.

"எல்லாம் முடிஞ்சிச்சா, இன்னும் எதுனா கீதா?"

எல்லாம் என்றேன்.

"அப்ப சொல்லலாம். முடியற வரிக்கும் சொல்லாதன்னு உங்க நைனா கையெடுத்துக் கும்புட்டாரு. அதான் வாயத் தொறக்கல. அவருக்கு இன்னியோட பத்து ஊசி ஆச்சி. தொப்புள சுத்தி. வயிறு கல்லாட்டம் கீது. இன்னும் நாலு. கஞ்சி கிஞ்சி வெச்சிக் குடும்மா."

அவள் வீட்டுக்காரர் துலுக்கானத்துக்குக் காலில் ஆறாத புண். கட்டு மாற்ற தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். முதல் நாளிலிருந்து அப்பாவை வரிசையில் பார்த்திருக்கிறாள். அன்று குழாயடியில் அவள் சொன்ன ஊசி அப்பாவுக்குப் போட்டது. நான் நாய்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

கொலைகாரி என்று சொன்னவளுடைய பரீட்சைக்காக அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். மன்னித்துவிடுங்கள் என்றேன். "கஞ்சிய மொதல்ல வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்பாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை. நான் கிளம்பிய சற்று நேரத்தில் பட்டாணி சங்கின் காதைக் கடித்துக் குதறியிருக்கிறது. விலக்கப் போனவரை மணிக்கட்டுக்கு மேலே கடித்திருக்கிறது. கால்நடை டாக்டர் பார்த்ததும் வெறி என்று சொல்லிவிட்டார். சங்கையும் வைத்திருக்கக் கூடாது என்றார். இரண்டுக்கும் ஊசி போடும்வரை அப்பா கூடவே நின்றாராம். சங்கு கடைசிவரை வாலை ஆட்டியதாம். அதைச் சொல்லும்போது மட்டும் சுவரைப் பார்த்தார்.

"நீ தூக்கிட்டு வந்த நாய். என்னைக் கடிச்சுதுன்னு தெரிஞ்சா நீ எப்படிம்மா பரீட்சை எழுதுவே?" என்றார். ஐயப்பன்தாங்கல்காரர்களுக்குப் போன மாதமே கடிதம் போட்டுவிட்டாராம், நாய்கள் இருக்கும் வீடு, சம்மதமானால் வாருங்கள் என்று. அதற்குப் பதிலே வரவில்லையாம்.

உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் இருக்கிறதா என்று நீ கேட்டது இப்போது புரிகிறது.

அண்ணா, உங்கள் இரண்டு பேர் மேலும் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. வேறாக மாறியிருக்கிறது.

பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பட்டாணி தண்ணீர் குடிக்கவில்லை. கிண்ணத்தருகே போகும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எச்சில் ஒழுகியது. தொண்டையில் மீன் முள் என்று நினைத்தேன். வாயைப் பிளந்து விரல் விட்டுப் பார்த்தேன். நெடுநேரம். அது கடிக்கவில்லை. என் மடியில் கிடந்தது. அப்பா அப்போது கடைக்குப் போயிருந்தார். அவருக்குத் தெரியாது. கையைப் பார்த்தவர் காயம் இல்லை என்று நிம்மதியாகிவிட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை.

பத்து நாள்.

விளக்கடியில் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நகக்கண் ஓரத்தில் தோல் உரிவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அன்று உரிந்திருந்ததா? பார்த்தால் தெரியவில்லை. இந்த வீட்டில் எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்தாயிற்று. இனி என் கைதான் மிச்சம்.

பட்டாணி மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தண்ணீரைப் பார்த்து அது அப்படிப் பயந்தபோது, பிகு பண்ணாதே என்று அதட்டினேன். அதுதான் நான் அதனிடம் கடைசியாகப் பேசியது.

ஞாயிறன்று அப்பாவுக்குப் பதினாலாவது ஊசி. சனிக்கிழமை இரவு வண்டியில் ஏறிவிடு. லீவு இல்லை என்று எழுதாதே. என் நன்மைக்காக என்று இனி ஒன்றையும் என்னிடம் மறைக்காதே. நீ நன்றாக இரு. நாம் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அன்புத் தங்கை
வனஜா

பி.கு. 28-ம் தேதி காலை. ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்து. அப்பாவோடு நானும் வந்தேன். விரல் விட்டதை டாக்டரிடம் சொன்னேன். காயம் இருந்ததா என்று கேட்டார். நிச்சயமாகத் தெரியாது என்றேன். எனக்கும் ஊசிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்குப் பதினொன்று போட்டாயிற்று. அடுத்து என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லிவிட்டு உள்ளே போகிறேன்.